கேட் அக்காவின் பொம்மை

என் அலமாரியில் ஒரு தோல் பொம்மை இருக்கிறது. ஒரு முழ உயரம்தான். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கைகள். அதிலும் உள்ளங்கை இரண்டும் தோசைத் திருப்பி மாதிரி அகலம். காக்கித் துணியில் சட்டை, அதன்மேல் பின் குத்திய துப்பட்டா. தோளிலும் முழங்கையிலும், ஷூவுக்கு லேஸ் கோக்கும் துளையில் பதிப்பார்களே, அந்தச் சின்னப் பித்தளை ஐலெட் வளையம் அடித்திருக்கிறது. அடியில் பிடிக்கும் குச்சியைக் கொஞ்சம் அசைத்தால் போதும், இரண்டு கைகளும் முன்னால் வந்து எதிரில் இருப்பவரின் இடுப்பைத் தட்டித் தடவிப் பார்க்கும். பொம்மை செய்யச் சொல்லிக்கொடுப்பதே இப்போது என் பிழைப்பு. திருப்பத்தூரிலும் ஏலகிரி மலைமேலும் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் எத்தனையோ பிள்ளைகள் செய்து பார்த்துவிட்டேன். இவ்வளவு உயிரோடு அசைகிற ஒன்றை யாரும் செய்யவில்லை. இதைச் செய்த பெண்ணுக்கு இது வேண்டாம் என்பதால்தான் என்னிடம் இருக்கிறது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிவிடும்.

முன்பு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் வெல்ஃபேர் ஆபீஸர். பெயர்தான் பெரிது. கேன்டீன் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றால் என்னிடம் வருவார்கள், பஸ்ஸில் சீட் கம்மி என்றாலும் என்னிடம் வருவார்கள். உள்ளே தைக்கிறவர்கள், ஒட்டுகிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் பெண்கள். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். சாயங்காலம் வேலை விட்டதும் அத்தனை பேரும் ஒரே கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். தோல் துண்டு ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்பது சட்டம். கையைத் தூக்க வேண்டும், திரும்ப வேண்டும், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். பெண்களைச் சோதிப்பதற்கென்று காக்கி போட்ட ஓர் அக்கா இருந்தார். எல்லோருக்கும் அவர் கேட் அக்கா. எங்களைப் போன்ற ஆபீஸர்களுக்கு வழி வேறு. ஒரு சலாம் வைத்துக் கதவைத் திறந்துவிடுவார்கள். என் கைப்பைக்குள் ஒரு முழு ஆட்டுத்தோலைச் சுருட்டி வைத்துக்கொண்டு போயிருந்தாலும் கேட்க ஆளில்லை.

கேட் அக்காவும் முன்னால் தையல் மிஷினில் உட்கார்ந்தவர்தான். இடுப்பு வலி வந்து உட்கார முடியாமல் போனதும், வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதில் கேட்டில் நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு கேன்டீனில் அவரோடு யாரும் உட்காரவில்லை. நேற்றுவரை ஒரே டப்பாவில் பகிர்ந்து சாப்பிட்டவர்களின் இடுப்பை இன்று தடவிப் பார்க்கிறவரிடம் என்ன பேசுவது? பஸ்ஸிலும் அவர் பக்கத்து இடம்தான் கடைசியில் நிரம்பும். ஒருமுறை இதை அவரிடமே கேட்டேன். சிரித்தார். "டெய்லி தொட்டுத் தொட்டுப் பாக்குறவகிட்ட யாரு மேடம் தோஸ்த்தா இருப்பாங்க? எனக்கு இன்னா, எம் பொண்ணு படிச்சி ஆளாவணும், அவ்ளோதான்" என்றார். அந்தப் பெண் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா காக்கி போடுவதால் அம்மாவைப் போலீஸ் என்றே பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறாள் என்று அவர் சொன்னபோது, அந்த முகத்தில் ஒரு வெட்கமும் ஒரு பெருமையும் சேர்ந்து தெரிந்தன.

அந்த வருஷம் மே மாத லீவில், தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பொம்மை செய்யும் பட்டறை நடத்தலாம் என்று நான்தான் மேனேஜரிடம் போய் நின்றேன். ஆசிரியர் பயிற்சி படித்தபோது கற்றுக்கொண்ட வித்தை கைவசம் இருந்தது. அவரும் தலையாட்டினார். ஓரம் வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் தோல், பழைய ஐலெட் டப்பா, பசை, தொழிலாளர் குழந்தைகளை வேலை முடியும்வரை பார்த்துக்கொள்ளும் கம்பெனிக் காப்பகத்து மாடியில் ஒரு ஹால் எல்லாம் கிடைத்தன. முதல் நாளே பிள்ளைகளிடம் ஒரு விதி சொன்னேன். யாருக்கும் யாரும் செய்து தரக்கூடாது. வரைவதும் வெட்டுவதும் துளை போடுவதும் அவரவர் கையால்தான். அடுத்து, ராஜா, ராணி, சிங்கம், புலி எல்லாம் வேண்டாம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆளைச் செய்யுங்கள் என்றேன். நான் ஏதோ பாடம் எடுக்கப் போக, அவர்கள் துண்டுகளை விரல் நடுவே தேய்த்துப் பார்த்து, "மிஸ், இது லைனிங் தோலு, மெல்லிசு, கைக்குப் போடலாம், ஒடம்புக்கு வேணாம்" என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். கைமூட்டைத் தனித்தனித் துண்டாக வெட்டி ஐலெட்டை இறுக்காமல் அடித்தால்தான் கை ஆடும் என்பதைச் சொல்லிக்கொடுக்க மட்டும் நான் தேவைப்பட்டேன். சுத்தியல் சத்தத்தில் கீழே காப்பகத்தில் தூங்கிய கைக்குழந்தைகள் எழுந்து அழும். ஆயாம்மா படியேறி வந்து திட்டிவிட்டுப் போவார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

கேட் அக்காவின் பெண் தன் அம்மாவைச் செய்தாள். முதலில் வெட்டிய கை சின்னது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிதாக வெட்டினாள். அப்புறம் அதையும் போட்டுவிட்டு இன்னும் பெரிதாக. "ஏன் பாப்பா, கை இவ்ளோ பெரிசு?" என்றேன். "எங்கம்மா வேலையே கைதானே மிஸ். அந்தக் கைய பாத்தா எல்லாரும் பயப்படுவாங்க" என்றாள். இதை அவள் சொன்ன விதத்தை நான் கவனித்திருக்க வேண்டும். என் அம்மா கலெக்டர் என்று ஒரு பிள்ளை சொல்வதுபோல்தான் சொன்னாள். நான் பார்த்தது அந்தக் கைகளின் அசைவை மட்டும். குச்சியை அவள் சுண்டியதும் அந்தப் பொம்மை பக்கத்துப் பொம்மையின் இடுப்பைத் தட்டிய அழகில் எனக்குப் பிரமாதமான யோசனை ஒன்று வந்தது. கடைசி நாள் நிகழ்ச்சிக்கு மேனேஜர் வருகிறார், தாய்மார்கள் வருகிறார்கள், இதையே கடைசியில் வைத்தால் அரங்கம் அதிரும். ஒரு பிள்ளை தன் அம்மாவுக்காகச் செய்ததை நான் என் கைதட்டலுக்கு எடுத்துக்கொண்டேன்.

அரங்கம் அதிரத்தான் செய்தது. சனிக்கிழமை வேலை விடுவதற்குச் சற்று முன்னால் எல்லோரையும் மாடிக்கு அனுப்பினார்கள். மேஜைமேல் போர்வை கட்டி, அதற்குப் பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். போர்வைக்கு மேலே பொம்மையாகத் தையல் மிஷின் அம்மா வந்தார், பஸ் டிரைவர் வந்தார், பேரணாம்பட்டில் யாரோ வளர்க்கும் ஓர் ஆடும் வந்தது. கடைசியில் காக்கிப் பொம்மை எழுந்தது. மற்றப் பொம்மைகள் வரிசையில் நின்றன. "கைய தூக்கு. திரும்பு. டப்பாவ தொற. இன்னாத்துக்கு முழிக்கிற?" என்று அவள் அம்மாவின் குரலை அப்படியே பிடித்துப் பேச, பெரிய கைகள் ஒவ்வொரு பொம்மையையும் தட்டித் தட்டிப் பார்த்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு தாய்மார்கள் சிரித்தார்கள். அது பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அல்ல. கண்ணில் நீர் வர, ஒருவர் தோளில் ஒருவர் அடித்துக்கொண்டு, தினம் கேட்டில் அடக்கியதையெல்லாம் அன்று கொட்டிச் சிரித்தார்கள். "ஆட்டையும் செக் பண்ணுடி, வால்ல வெச்சிருக்கப் போவுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. கேட் அக்கா கதவோரம் நின்றிருந்தார். மகள் போர்வைக்கு மேலே தலையை நீட்டி அம்மாவைத்தான் தேடினாள். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் அந்தப் பெரிய கைகள் பாதி வழியில் நின்றுவிட்டன. கைதட்டலில் அதை யாரும் கவனிக்கவில்லை.

கூத்து அதோடு முடியவில்லை. மேனேஜர் காரில் ஏறிப் போய்விட்டார். பிள்ளைகளை வழியனுப்பும் ஆசையில் நானும் தொழிலாளர் கேட்டுக்கு வந்தேன். அதற்குள் கேட் அக்கா தன் இடத்தில் நின்றிருந்தார். "மேடம், இது கம்பெனி தோலு. வெளிய போவ பாஸ் இருக்குங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே தோல் வாங்க, பசை வாங்க, ஹால் வாங்க எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கியிருந்தேன். செய்த பொம்மையைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்பதற்குக் கையெழுத்து வாங்கவில்லை. தினம் கையைத் தூக்கி அந்த கேட்டைத் தாண்டும் யாரிடமாவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். சலாம் வாங்கிக்கொண்டு தாண்டுகிற எனக்குத் தோன்றவே இல்லை. மேனேஜருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. செக்யூரிட்டி ஆபீஸர், "சின்னப் பசங்கன்னு விட்டா, நாளைக்குப் பெரியவங்க பொம்மை பண்ணி எடுத்துனு போவாங்க மேடம்" என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முன்னால் நின்ற சிறுமி பொம்மையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். அவளைப் பார்த்து அடுத்த பிள்ளை. அப்புறம் வரிசை முழுக்க. யாரும் சொல்லவில்லை. காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அம்மா இடுப்பில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்தே அந்த கேட்டைத் தாண்டியவர்கள். ஒரு பையன் தன் ஆட்டின் வயிற்றுத் தையலைப் பிரித்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டினான். சற்றுமுன் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தது இதைப் பார்த்துத்தான். தாய்மார்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கேட் அக்கா ஓர் அட்டைப்பெட்டியைக் காலருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் பொம்மையை வாங்கி, மடங்காமல் அடுக்கினார். "திங்கக்கெழம உங்கம்மாகிட்ட குடுத்துடுவாங்க, அழக்கூடாது" என்றார். தன் மகள் முன்னால் வந்ததும் மொத்த வரிசையும் அவரையே பார்த்தது. தன் பிள்ளையை மட்டும் விட்டுவிடுவாளா என்று பார்க்கிற பார்வை அது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவர் ஆடவில்லை. மகள் கையைத் தூக்கினாள். அவர் அவளைத் தட்டிப் பார்த்தார், திருப்பினார், டப்பாவைத் திறக்கச் சொன்னார். அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதே தவிர அழவில்லை. அவள் கையிலிருந்த பொம்மையை வாங்கி, தன்னைப் போலவே காக்கி போட்டிருந்த அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, பெட்டியில் குப்புறப் படுக்க வைத்தார்.

திங்கட்கிழமை பாஸ் வந்தது, பொம்மைகள் போயின. ஒன்று மட்டும் பெட்டியிலேயே கிடந்தது. நானே எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவரைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு. "பாப்பா ரொம்ப நல்லா செஞ்சிருந்தாக்கா" என்றேன்.

"ஆமா மேடம். நல்லாத்தான் செஞ்சிருந்தா. அதான் பேஜாரே" என்றார். நான் நீட்டிய பொம்மையை என் பக்கமே தள்ளி, "அவ வேணாம்னுட்டா. நீங்களே வெச்சிக்கோங்க. காக்கி போட்டுனு ஸ்கூல் பக்கம் வராதம்மான்னு வேற சொல்லிட்டா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் லேட் என்று சொல்வதுபோல் சொன்னார்.

கேட்டில் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகூடப் பார்த்தேன். ஆபீஸர் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் இன்னும் குறுகி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார், அதோடு அதை விட்டேன். பின்னால் வேலையை விட்டுவிட்டு இந்தப் பொம்மைப் பிழைப்புக்கு வந்தேன். கம்பெனியில் என் கடைசி நாளன்று ஒரு காரியம் செய்தேன். பொம்மையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஆபீஸர் வழியில் போகாமல், பெண்கள் வரிசையில் போய் நின்றேன். பெரிய தியாகம் செய்வதாக எனக்குள் நினைப்பு. என் முறை வந்ததும் கையைத் தூக்கினேன். "செக் பண்ணுங்கக்கா. உள்ள கம்பெனி தோல் இருக்கு, பாஸ் இல்ல" என்றேன். கேட் அக்கா என் பையைப் பார்த்தார், அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "ஆபீஸருக்கு செக்கிங் கெடையாது மேடம். கைய எறக்குங்க. பின்னாடி நிக்கறவங்களுக்கு பஸ் போய்டும்" என்றார். அன்றும் நான் ஒரு வேடிக்கை காட்டத்தான் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கையை இறக்கிக்கொண்டு நகர்ந்தேன்.

இப்போதும் பட்டறையில் தெரிந்த ஓர் ஆளைச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். யாரைச் செய்கிறீர்களோ, அவரிடம் முதலில் தனியாகக் காட்டிவிட்டு வாருங்கள், அவர் சிரித்தால் மட்டும் மேடைக்கு. மூட்டு எப்படி ஆட வேண்டும் என்று காட்டுவதற்கு அலமாரியிலிருந்து இந்தப் பொம்மையை எடுத்துப் போவேன். தோல் விறைத்துவிட்டது, காக்கி வெளுத்துவிட்டது, அந்தப் பெண் அடித்த ஐலெட் ஒன்றுகூடத் தளரவில்லை. போன வாரம் ஏலகிரியில் ஒரு சிறுவன் குச்சியைச் சுண்டிப் பார்த்தான். பெரிய கைகள் எழுந்து வந்து என் தோள் பையைத் தட்டின. "மிஸ், இது உங்கள செக் பண்ணுது" என்று வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அந்த அக்காவின் கை ஒரு நாளும் என் பையைத் தொட்டதில்லை.