மூன்று தாதிகளும் கல்லக்காவும்

கல்லக்கா என்ற பெயரை வைத்தது, வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சியின் மேலாளர். நோயாளி இறந்த ஒரு வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் ஆக்சிஜன் சிலிண்டரை மூடிவிட்டு இறந்தவரின் கைகால்களை நேராக்கிக்கொண்டிருந்தார். "இது மனுசியா, கல்லா?" என்றார் மேலாளர். பெயர் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருடமாகப் படுக்கை நோயாளிகளைத் தூக்கியவருக்கு ஒரு பெயரைத் தூக்குவது பாரமில்லை.

இப்போது அவர் பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. பக்கவாதத்தில் வலது பக்கம் போய்விட்டது. நாலைந்து சொற்கள்தான் மிச்சம். ஏழு மாதத்தில் கல்லக்கா அவரைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியோடு ஜன்னலுக்கும் கொண்டுவந்திருந்தார். உடம்பில் ஒரு புண் கிடையாது.

வெளியூரில் வங்கி வேலை பார்க்கும் மகள் ஒரு மாத விடுப்பில் வந்தாள். மூன்றாம் நாளே ஏஜென்சிக்குப் புகார் போனது. வேலையில் குறையில்லை, அன்புதான் இல்லை. ஏஜென்சி ஒரு தாள் அனுப்பியது. 'இனி நோயாளியிடம் அன்பாக நடந்துகொள்வேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் சனிக்கிழமை முதல் வேறு ஆள்.

"இதுல கையெழுத்துப் போட்டா, இத்தனை நாள் அன்பில்லாம இருந்தேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. போட மாட்டேன்" என்றார் கல்லக்கா.

"உங்களுக்குப் புரியலக்கா. ஒரு படம் போடுறேன், பாருங்க. நர்ஸுன்னா எப்படி இருக்கணும்னு தெரியும்" என்றாள் மகள்.

பக்கவாதத்தில் விழுந்த கப்பல் தலைவனை ஒரு தாதி எழுந்து நடக்க வைக்கும் கதை அது. சிறுவயதில் அப்பாதான் மகளை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனாராம்.

"அந்தக் கதைய மூணு தடவை எடுத்திருக்காங்கல்ல? மூணையும் போடுங்க" என்றார் கல்லக்கா.

"ஒண்ணு போதாதா?"

"ஒரு சோறு பதம்ங்கிறதெல்லாம் பானைக்குத்தான்."

மூன்று பிற்பகல், கார்டு ஐயாவின் அறையிலேயே படம் ஓடியது. கறுப்பு வெள்ளைப் படத்துத் தாதி அழுதாள். தலைவனின் செத்த கையைப் பிடித்து இழுத்து மார்போடு அணைத்தாள். மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கைய இழுக்கிறா, கைகாரி" என்றார் கல்லக்கா. ஆனால் கஞ்சி ஊட்டும் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத நல்லா பண்றா. முழுங்கினானான்னு தொண்டையப் பாத்துட்டுத்தான் அடுத்த கரண்டி எடுக்கிறா."

வண்ணப் படத்துத் தாதி கூந்தலை விரித்துப் பாடினாள். நோயாளி மல்லாந்து கிடக்க, வாயில் பால் ஊற்றினாள். "கொன்னுட்டா. பாலு மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்" என்றார் கல்லக்கா.

மூன்றாவது, தொலைக்காட்சிக்காக எடுத்த படம். வெள்ளிக்கிழமை அது முடிந்ததும் மகள் உதட்டைப் பிதுக்கினாள். "மரக்கட்டை. மூஞ்சியில ஒரு உணர்ச்சி வரல. பாத்தவங்க எல்லாருமே அப்படித்தான் திட்டினாங்க."

"திட்டினவங்க யாராவது ஒரு ஆளத் தூக்கியிருக்காங்களா? மூணு பேர்ல இவ ஒருத்திதான் தூக்கறதுக்கு முன்னாடி நாற்காலிக்கு பிரேக் போட்டா. அதுவும் கீழ பாக்காமயே, கால்ல. கைக்கடிகாரத்தக் கழட்டியிருக்கலாம், கீறிடும். மத்தபடி இவதான் நடிகை."

"அப்பா, நீங்களே சொல்லுங்க. யாரு நல்ல நர்ஸு?"

கார்டு ஐயா இடது கையில் இரண்டு விரலைக் காட்டினார். கூந்தல்காரி.

"ஐயாவுக்குக் கண்ணுல வாதம் இல்ல" என்றார் கல்லக்கா. கிழவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

பிறகு பக்கத்துக் கட்டிலில் போய் உட்கார்ந்தார் கல்லக்கா. "நான்தான் நோயாளி. வலது பக்கம் இல்ல. முதல் படத்துக்காரி மாதிரி என்ன நாற்காலிக்கு மாத்துங்க. அழுதுகிட்டே வேணும்னாலும் தூக்குங்க."

மகள் வலது கையைப் பிடித்து இழுத்தாள். கல்லக்கா துவண்டார். நாற்காலி நழுவிப் பின்னால் ஓடியது; இருவரும் கட்டிலிலேயே சரிந்தார்கள்.

"ஐயாவா இருந்தா இந்நேரம் தோள்மூட்டு எறங்கியிருக்கும். இப்ப நீங்க உட்காருங்க."

பிரேக் விழுந்தது. மகளின் பாதங்களைத் தரையில் பதித்து, வலது முழங்காலைத் தன் முழங்காலால் முட்டுக்கொடுத்து, இடுப்பைப் பிடித்து முன்னால் சாய்த்தார். அடுத்த மூச்சில் மகள் நாற்காலியில் இருந்தாள்.

"விழுந்துடுவேன்னு பயமே வரலக்கா. ஆனா என் மூஞ்சிய ஒரு தடவகூட நீங்க பாக்கல."

"முட்டியப் பாத்துக்கிட்டிருந்தேன். மூஞ்சியப் பாத்தா ஆளு விழுந்துடும்."

கல்லக்கா ஏஜென்சியின் தாளை எடுத்து, அச்சிட்டிருந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினார்: 'வலது கையைப் பிடித்து இழுக்க மாட்டோம். மல்லாந்து படுக்கவைத்து எதுவும் ஊட்ட மாட்டோம்.' தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"நானுமா?"

"நீங்கதான் முதல்ல போட்டிருக்கணும்."

மகள் போட்டாள்; அன்றே ஏஜென்சிக்கு அனுப்பியும் வைத்தாள்.

சனிக்கிழமை மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, நாங்க அனுப்பின தாள் இது இல்லையே."

"இல்லதான்" என்றார் கல்லக்கா. "வெச்சிடுறேன். ஐயாவ எழுப்பற நேரம்."