உறுமியும் பத்து நோட்டும்

குணாளனிடம் காளியப்பன் ஆறாயிரம் வெள்ளி கடன்பட்டிருந்தார். சிம்பாங் ரெங்கம் ஊரில் மூன்று லாரிக்குச் சொந்தக்காரர் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, யாரிடமும் கைநீட்டாமல் தலையெடுத்த மனிதர். இதை அவரே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். மூன்று வயதுப் பேத்தி சாந்தினிக்குக் காதில் அறுவை என்றதும், தன் லாரியில் ஒரு காலத்தில் மூட்டை தூக்கிய குணாளன் முன்னால்தான் அந்தக் கை நீண்டது. அவன் கொடுத்தது, தன் உறுமி மேளக் குழுவுக்குப் புது மேளம் வாங்கச் சேர்த்திருந்த பணம்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். சத்தம் செவிப்பறையை அதிர வைக்கும். மூன்று குட்டி எலும்புகள் அதை உள்ளே தள்ளும். உள்ளே நத்தை ஓடு மாதிரி ஒன்று, அதில் நீர், நீருக்குள் மெல்லிய மயிரிழைகள். அவை அசைந்தால்தான் நரம்பு மூளைக்குச் சேதி கொண்டுபோகும். சாந்தினிக்கு அந்த இழைகள் வேலை செய்யவில்லை. அறுவையில் பொருத்தப்போகும் கேட்கும் கருவியின் கம்பி நத்தைக்குள் போய் நரம்பையே தட்டும்.

"புரிஞ்சிருச்சு டாக்டர். ஒயர் நல்லாருக்கு, சுவிட்சு போச்சு. நேரா ஒயரு இழுக்கிறீங்க. முப்பது வருசமா லாரியில நான் செய்யுற வேலதான் லா!"

"அப்பா, சும்மா இருங்க," என்று மகள் கஸ்தூரி கையைப் பிடித்தாள்.

அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கருவியை முடுக்கினார்கள். மெல்ல மெல்லத்தான் சத்தம் பழக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். காளியப்பன் கேட்பாரா? அன்றே வீட்டு வாசலுக்குக் குணாளனின் மேளக்காரர்கள் எட்டுப் பேரை வரவழைத்தார். ஊரே பார்க்க உறுமி ஒரேயடியாக முழங்கியது. பிள்ளை வீறிட்டுக் காதுக்கு வெளியே மாட்டியிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தது. அதன்பின் கருவியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்தது.

"போடலன்னா உள்ள இருக்கிற கம்பி சும்மாதான் கெடக்கும். பேச்சும் வராதுப்பா," என்றாள் கஸ்தூரி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்தியே பிழைத்தவர் தரையில் உட்கார்ந்து முணுமுணுக்கப் பழகினார். பதினோரு நாள் கழித்துப் பிள்ளை கருவியை மாட்டவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்கப் பயிற்சி கொடுத்த பெண் ஒரு விளையாட்டுச் சொல்லியிருந்தாள்: முகத்தைக் காட்டாமல் குரல் கொடுக்க வேண்டும், கேட்டால் பிள்ளை ஒரு கட்டையை பிஸ்கட் டின்னில் போட வேண்டும். மூன்று மாதமாகக் கட்டை சாந்தினியின் கையை விட்டு இறங்கவில்லை.

கடனில் கடைசி ஆயிரம் மிஞ்சியிருந்தது. குணாளன் வந்து தரையில் எதிரே உட்கார்ந்தான்.

"அவசரமில்லண்ணே. அன்னிக்கி அடிச்சது என் கைதானே."

"அடிக்கச் சொன்னது என் வாய்டா. கைய நீட்டு."

சாந்தினி அவர் முதுகுக்குப் பின்னால் கட்டைகளோடு இருந்தாள். "ஒன்னு," என்றார் மெதுவாக. குணாளன் உள்ளங்கையில் நூறு வெள்ளி. பின்னால், டின்னில் 'டக்' என்று ஒரு சத்தம்.

குணாளன் கண்கள் விரிந்தன. "அண்ணே…"

"பேசாத." காளியப்பன் திரும்பவில்லை. "ரெண்டு."

டக்.

குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு கட்டையும் விழும்வரை காத்திருந்து, பத்தாவது நோட்டை அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்தார்.