பால்காரரின் கியர் லிவர்

தங்கையின் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்று, திண்டுக்கல் போகும் வழியில், ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னால் என் பைக் நான்காவது கியரிலேயே மாட்டிக்கொண்டு நின்றுபோனது. கியர் லிவரை மிதித்தால் அது மட்டும் சும்மா சுற்றியது. ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்த அதன் போல்ட்டை நான் முறுக்காமல் விட்டதில், தண்டைக் கவ்விப் பிடிக்கும் லிவரின் உள்பல் தேய்ந்திருந்தது. கைகாட்டிய பஸ்ஸும் நிற்கவில்லை. தங்கை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருகிலிருந்த டீக்கடையில், இருபுறமும் பால் கேன் தொங்க, அதே மாதிரி பைக்கில் ஒருவர் வந்து நின்றார். என் லிவரைக் குனிந்து பார்த்தார்.

"தகரம் வச்சு முறுக்கலாமாண்ணே?" என்றேன்.

"நிக்கும்னு சொல்ல முடியாது தம்பி. பிள்ளைக்குப் பரீட்சைங்கிற." தன் வண்டியின் லிவரைக் கழற்றி என் வண்டியில் மாட்டினார். "விட்டுட்டு வா. இங்கனயே இருக்கேன்."

மணி அடிப்பதற்குள் தங்கையைப் பள்ளியில் விட்டுவிட்டு விரைந்து திரும்பினேன். அவர் இல்லை.

"வெயில் ஏறுது, பால் திரிஞ்சிரும்னாரு," என்றார் கடைக்கார அக்கா. "உன் லிவருக்குத் தகரத்தச் சுத்தி மாட்டிக்கிட்டு மெதுவாப் போனாரு."

எந்த ஊர்க்காரர் என்று அக்காவுக்கும் தெரியவில்லை. பல நாள் அந்தக் கடையில் காத்திருந்தேன். அவர் வரவில்லை.

அந்த பைக்கை விற்கும்வரை வாரம் தவறாமல் போல்ட்டை முறுக்கினேன். கியர் ஒவ்வொரு முறையும் சுத்தமாக விழுந்தது. விழும்போதெல்லாம், என் தேய்ந்த லிவரோடும் அத்தனை பாலோடும் அவர் போய்ச் சேர்ந்தாரா என்றுதான் நினைத்துக்கொள்வேன்.