பிரதட்டையும் ஓடுகிற மிசினும்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. முதலில் என் கணவருக்கு வந்தது, பிறகு எனக்கு. கிளினிக் நாளென்றால் விடிய முதல் பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்துவிட்டு, வாங்குப் பலகையில் இருந்து இருந்து இடுப்பு விட்டுப்போகும். அலுத்துப்போன சீவியம். அதுவும் போன வருடம் முழுக்க எனக்கு ஒரே களைப்பு. சமைத்தால் களைப்பு, கிணற்றடிக்குப் போய் வந்தால் களைப்பு. வயது போகிறது, வீட்டு வேலைக்கோ முடிவில்லை, வேறென்ன என்று விட்டுவிட்டேன். என் கவலையெல்லாம் அவரைப் பற்றித்தான்.

கோயில் தேர்த் திருவிழா முடிந்து வந்த கிளினிக்கில் புது டொக்டர், இளம் பிள்ளை. என் கணவருடைய ஈசிஜியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஐயா, நெஞ்சு நோகிறதோ?”

“சீச்சீ.”

“நடக்கேக்கை இளைக்கிறதோ? முந்திச் செய்த வேலை ஏதும் இப்ப ஏலாமல் கிடக்கோ?”

மனுசன் நிமிர்ந்து இருந்தார். “டொக்டர், நான் இந்தமுறையும் தேருக்குப் பிரதட்டை செய்தனான். வீதி முழுக்க. இருதய வருத்தக்காரன் செய்வானோ?”

கேணியில் தோய்ந்து, ஈர வேட்டியோடு, தேங்காயை இரண்டு கையாலும் பிடித்தபடி தேருக்குப் பின்னால் மணலில் உருண்டு கோயிலின் நாலு வீதியும் சுற்றுவதுதான் பிரதட்டை. அவர்களுக்குப் பின்னால் பெண்கள் நாங்கள் அடியழித்துக்கொண்டு போவோம். சில அடி நடந்து, விழுந்து கும்பிட்டு, எழும்பி மறுபடி நடக்க வேண்டும். ஒருவர் தேகசுகமாக இருக்கிறாரா என்று பார்க்க எங்கள் ஆட்களுக்கு இதைவிட வேறு சோதனை இல்லை. வீதி சுற்றி முடித்தவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, கதை முடிந்தது.

“சீனி வருத்தம் கனகாலம் இருந்தா நரம்பு மரத்துப்போம் ஐயா,” என்றார் டொக்டர். “இருதயக் குழாய் அடைபட்டாலும் சிலபேருக்கு நோகாது. அதுதான் துருவித் துருவிக் கேக்கிறன். உங்களுக்கு ஒரு மாற்றமும் இல்லையெண்டா ஓடுற மிசினிலை ஏத்திப் பாக்கத் தேவையில்லை.” பேனையை மூடினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏனப்பா பொய் சொல்லுறியள்? தெற்கு வீதியிலையே உங்களுக்கு ஏலாமல் போட்டுது. மிச்சத்துக்கு என்ரை தம்பியெல்லோ உங்களை உருட்டினவன்! பின்னாலை வந்த நான் பாத்தனான்.”

அவருடைய முகம் செத்துப்போனது. ஒரு பிறத்தியாள் முன்னால் அவருடைய நேர்த்திக்கடனைக் குறை சொல்லிவிட்டேன். அவர் விடுவாரா?

“நீர் பெரிய கதை கதைக்காதையும். டொக்டர், வருசா வருசம் நான் உருண்டு முடிச்சு எழும்பேக்கை இவ துவாயோடை பின்னாலை நிப்பா. இந்தமுறை திரும்பிப் பாத்தா ஆளைக் காணேல்லை, தேடிப் போனா மேற்கு வீதித் தண்ணீர்ப்பந்தலிலை முகம் வெளிறிப்போய் இருக்கிறா.”

“அது விரதக் களைப்பு,” என்றேன்.

“போன வருசமும் விரதம்தானே? அப்ப முழுக்கச் சுத்தினீரெல்லோ?”

டொக்டர் முதலில் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. மூடிய பேனையைத் திறந்து, இரண்டு பேருக்கும் ஓடுகிற மிசின் சோதனைக்கு எழுதினார்.

மிசின் நாளில் அவர் முதலில் ஏறினார். புசுபுசுவென்று இளைத்தாலும் இருதயத்தில் குறை ஒன்றும் தெரியவில்லையாம். பெருத்த வயிறும் நோகிற முழங்காலும்தான் இளைப்புக்குக் காரணமாம். அப்பாடா என்று என் பாரம் இறங்கியது. அந்த நிம்மதியோடுதான் நான் ஏறினேன். காலுக்குக் கீழே வார் ஓட, ஏற்றமும் கூடியது. வழக்கமான அதே களைப்பு வந்தது. டொக்டர் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

“அம்மா, நெஞ்சு நோகுதோ?”

“இல்லைப் பிள்ளை.”

“கை? தாடை?”

“ஒண்டுமில்லை. களைக்குது, அவ்வளவுதான்.”

“நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ,” என்று மிசினடியில் நின்றவரிடம் சொன்னார்.

அடைப்பு இருக்கும் போலத் தெரிகிறது, கை இரத்தக் குழாயால் மருந்து விட்டுப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த உடம்பை இவ்வளவு காலம் இழுத்துக்கொண்டு திரிகிறேன், அது எனக்கு ஒரு சொல் சொல்லவில்லையே, பாவி உடம்பு.

திரும்பி வரும்போது சாவகச்சேரி பஸ்ஸில் அவர் எனக்கு யன்னல் கரையை விட்டார். நாவற்குழியில் கேட்டார்: “நோகுதோ?”

“இல்லை.”

கைதடியில் மறுபடி கேட்டார்: “இப்ப?”

“இல்லையெண்டு சொல்லுறனெல்லோ. ஏன் அரிக்கிறியள்?”

என் பக்கம் குனிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நோகுதெண்டு சொல்லுமப்பா, நான் தாங்குவன். நீர் நோகேல்லை எண்டு சொல்லேக்கைதான் எனக்குப் பயமாக் கிடக்கு.”

தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்துவிட்டு, அதை என் மடியில் வைத்தார். நான் எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டேன்.