மலையின் மறுபக்கம் இறங்கிய துளசி

துளசி என்ற பெயரை நான் முதலில் கேட்டது பனிமூட்டத்துக்குள் இருந்துதான். ஒன்பதாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கையில் இருக்கிற கூடை தெரியாத அளவுக்குப் பனி. கீழே எங்கிருந்தோ ஒரு பொம்பளை, துளசி, துளசி என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். லோரி ஓட்டும் பக்கிரிசாமியின் சம்சாரம் ரஞ்சிதம் அவள். பீடோர் பக்கமிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்பனுக்குச் சோறு கொண்டுபோன ஒன்பது வயதுப் பிள்ளையைக் காணோம். எல்லோரும் கூடையை இறக்கிவிட்டுத் தேடினோம். கடைசியில் பார்த்தால் பிள்ளை மெயின் ரோட்டோரம், கான் வாய்க்கால் வந்து சேரும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தது, சோத்துத் தூக்கு மடியில். கங்காணி அதட்டிக் கேட்டதற்கு, "கான்ல தண்ணி கீழ ரோட்டுக்குத்தானே போவுது, அது கூடவே வந்தேன்" என்றது.

பிறகு உறவு விசாரித்ததில் ரஞ்சிதம் என் ஒன்றுவிட்ட சித்தியின் மகள், எனக்குத் தங்கை முறை என்று தெரிந்தது. அன்றிலிருந்து துளசிக்கு நான் பெரியம்மா.

ரஞ்சிதம் சீக்கிரமே இறந்துபோய்விட்டாள். பக்கிரிசாமி வேலையை விட்டு கோலா தெர்லாவில் பலகை வீடு ஒன்று கட்டினார். துளசிக்கு இரண்டு இடத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள், இரண்டும் அமையவில்லை. தம்பி மகேன் ஈப்போவில் வேலை கிடைத்து, மோகனாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். துளசி பக்கத்து ஊர் திரிங்காப்பில் ஒரு சீனருடைய பூத்தோட்டத்தில் சாமந்தி கட்டும் வேலைக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷம். பக்கிரிசாமி படுக்கையில் விழுந்த பிறகு, வேலை முடிந்து வந்து அவரையும் பார்த்துக்கொண்டாள்.

அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகேன் பேச்சை எடுத்தான். வீட்டைப் பூட்டிவிட்டு அக்கா ஈப்போவுக்கு வந்துவிட வேண்டும், அறை ஒன்று காலி பண்ணிவிட்டேன் என்றான். துளசி வரவில்லை என்றாள். அவளுக்கு அந்த வீடு வேண்டும், பூக்கட்டும் வேலை வேண்டும், அவ்வளவுதான். மகேன் விடவில்லை. நீ பிறந்ததிலிருந்து ஒரு நாள் தனியாக இருந்ததுண்டா, ஈப்போ வருவதற்கே துணைக்கு ஆள் வேண்டும் என்றான். அது பொய்யில்லை.

"சரி, தனியா எங்கயாச்சும் போயிட்டு வர்றேன்" என்றாள் துளசி.

"எங்க, பக்கத்துல தானா ராத்தாவுக்கா?"

"ஹாங்காங்."

மகேன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, பேசும் கந்தோனீஸ் கேட்டுப் பழகிய காது, அங்கேயும் அதே பேச்சுதான், போனால் ஊமையாக நிற்க மாட்டேன் என்று காரணம் சொன்னாள். அப்புறம் எங்கள் முன்னாலேயே பேச்சு முடிவானது. நாலு நாள். உதவி கேட்டு ஒரு தடவைகூட அவள் மகேனுக்குப் போன் பண்ணக் கூடாது. பண்ணினால் சாவியைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏற வேண்டும். பண்ணாமல் திரும்பினால் ஈப்போ பேச்சு அதோடு சரி.

மார்ச் மாதம் போனாள். அவள் எடுத்த அறை பெட்டியை வைத்தால் கால் வைக்க இடமில்லாத அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுத் துணி கைக்கு எட்டியது. முதல் நாள் அறைக்குப் பக்கத்துப் படகுத்துறையில் உட்கார்ந்து, படகு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். இரண்டாம் நாள் படகில் அக்கரைக்குப் போய்ப் பூச்சந்தை பார்த்தாள். அங்கே ஒரு கடையில் சாமந்திக் கட்டைத் தூக்கிப் பார்த்து, கீழ் இலையை உருவாமல் கட்டினால் இரண்டு நாளில் அழுகும் என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் அவள் பேசியதெல்லாம் துளசிக்குப் புரிந்ததாம். தோட்டத்தில் அதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் பஸ் ஏறி மலை உச்சிக்குப் போனாள். உச்சியிலிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். போனால் ஒரே பனி. மற்றவர்கள் முகம் வாடி நிற்க, இவளுக்கு நம்ம ஊர் மாதிரி இருந்ததாம். திரும்ப பஸ் எதற்கு, நடந்தே இறங்கலாம் என்று நினைத்தாள். பாதையோரம் கான் ஓடியது. தண்ணீர் கடலுக்குத்தானே போகும், கடலில்தானே படகுத்துறை இருக்கிறது.

இங்கே மலையில் எந்தப் பக்கம் இறங்கினாலும் அந்த ஒரு ரோட்டில்தான் வந்து முட்டும். அங்கே அது ஒரு தீவு. சுற்றிலும் கடல். அது அவளுக்குத் தோன்றவில்லை. மரங்களுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் இறங்கினாள். ஒரு நீர்த்தேக்கம் வந்தது, பெரிய ரோடு வந்தது, அதையும் தாண்டி இறங்கினால் கடலும் வந்தது. படகுத்துறைதான் இல்லை. உயரமான கட்டடங்களும் இல்லை. தூரத்தில் நாலைந்து சரக்குக் கப்பல்கள் நின்றன. ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

அப்போது மகேன் கூப்பிட்டான். தினமும் ஆறு மணிக்குக் கூப்பிடுவான். அவன் கூப்பிடுவது கணக்கில் சேராது.

"எங்கக்கா இருக்கே?"

"கடல்கிட்ட."

"வழி கிழி தெரியலன்னா சொல்லுலா. ரூம்காரனுக்கு நான் போன் போட்டுச் சொல்றேன், ஆள் வந்து கூட்டிட்டுப் போவான்."

 துளசி, "உன் பிள்ளைங்க சாப்டாச்சா?" என்று கேட்டு, போனை வைத்துவிட்டாள்.

மறுபடி ஏறிப் பெரிய ரோட்டுக்கு வந்தாள். பஸ் நிற்குமிடத்தில் கீரைப் பையோடு ஒரு சீனக் கிழவி. துளசிக்குத் தெரிந்த கந்தோனீஸ் எல்லாம் வெட்டு, கட்டு, ஏற்று, சீக்கிரம் ஆகியவைதான். வழி கேட்கும் பேச்சு தோட்டத்தில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. தெரிந்ததை வைத்து, இந்த லோரி எங்கே போகுது, என்னைப் படகுகிட்டே இறக்கிப் போடு என்று கேட்டாள். கிழவி சிரித்துச் சிரித்து இருமினாளாம். பிறகு பஸ் வந்ததும் இவள் கையைப் பிடித்து ஏற்றி, டிரைவரிடம் சொல்லி, அந்தச் சரக்கைப் படகுத்துறையில் இறக்க வைத்தாள்.

திரும்பி வந்த அன்று கோலா தெர்லா வீட்டில் நானும் இருந்தேன். மகேனும் மோகனாவும் வந்திருந்தார்கள். கேட்காமலே துளசி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப வழி தப்பிட்டே" என்றான் மகேன்.

"தப்பிட்டேன்."

"நான்தான் கேட்டேனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சாவியக் கேப்பே."

 மோகனா குறுக்கிட்டு, "பேசினது பேசினபடி அவங்க நடந்துட்டாங்க, நீங்க எந்திரிங்க. இருட்டுறதுக்குள்ள மலை இறங்கணும்" என்றாள். அவன் எழுந்து, கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் ஆடுவதைப் பார்த்து, ஆணி கேட்டு வாங்கி அடித்துச் சரி பண்ணிவிட்டுக் காரில் ஏறினான்.

துளசி இப்போதும் கோலா தெர்லாவில் அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். காலை ஆறரை லோரியில் திரிங்காப்புக்குப் பூக்கட்டப் போகிறாள்.