மோர் மிளகாய் கட்டிய வண்டி

இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில், ரோஜாச் செடிக்குப் பக்கத்தில், ஒரு பெரியவர் செத்துக் கிடந்தால் எனக்கு மனசு லேசாகிவிடுகிறது. வெளியே சொல்லக்கூடிய விஷயமா இது? எறும்பை மிதித்துவிட்டால்கூட ‘அச்சச்சோ’ என்று காலைத் தூக்குகிறவள் நான். தெருவில் யார் வீட்டிலாவது துக்கம் என்றால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் கொலைக் கதையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக முறுக்கு கடிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? எனக்கே விளங்கவில்லை.

இந்தப் பழக்கம் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. சீசன் முடிந்ததும் அங்கே தங்கியவர்கள் மறந்துபோன சாமான்கள் ஒரு மூட்டை சேரும். துண்டு, ஒற்றைச் செருப்பு, சோப்பு டப்பா, கூடவே சில புத்தகங்கள். லாட்ஜ் மேலாளர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். நான் தென்காசியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இங்கிலீஷ் புத்தகம் எது கிடைத்தாலும் இலஞ்சிக்கு, எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அருவிக் குளியலுக்கு முன்னால் மசாஜ் செய்துகொண்டவர்கள் படித்த புத்தகங்கள் அல்லவா, எல்லாவற்றிலும் எண்ணெய் வாசம். ஒரு புத்தகத்தில் பிணம் கிடந்த பக்கத்திலேயே யாரோ பெருவிரலை அழுத்தி வைத்திருந்தார்கள்.

அந்த ஊர்களில் பாதி சங்கதி எனக்குப் புரியாது. பாதிரியாருக்கு ஏன் அத்தனை பேர் கேக் கொண்டுபோகிறார்கள், பூசணிக்காய்க்கு எதற்குப் போட்டி, ஒன்றும் தெரியாது. நானாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பாதிரியார் என்றால் எங்கள் முருகன் கோயில் குருக்கள். தபாலாபீஸ் அம்மாள் என்றால் எதிர்வீட்டுக்காரி. அங்கே பெய்கிற மழைக்கு மட்டும் மாற்று தேவைப்படவில்லை, அது எங்கள் சாரலேதான்.

என் கணவர் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் புத்தகத்தைத் தொட்டாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

“ஏட்டி, ஒரு சின்ன ஊருல இத்தன கொல நடந்தா எஸ்.பி.ய தூக்கியிருப்பான்லா? ஒன் கதையில போஸ்ட்மார்ட்டம் முடியதுக்குள்ள கேக் தின்னுதானுவ!”

“நீங்க பாத்த கேஸ் எதுலயாவது கடைசில உண்ம தெரிஞ்சிதா?”

“பாதி கேஸுல தெரிஞ்சிது. தெரிஞ்சி என்ன பிரயோசனம்? சாட்சி பல்டி அடிச்சிட்டான்” என்பார்.

எங்களுக்கு ஒரே மகன். பட்டாளத்தில் இருக்கிறான். போன தடவை லீவு முடிந்து கிளம்பும்போது அப்பாவிடம் ஒரே ஒரு வேலைதான் ஒப்படைத்தான். “வாரத்துக்கு ஒருதடவ வண்டிய ஸ்டார்ட் பண்ணி விடுங்கப்பா, பேட்டரி செத்துரும்.” அன்றிலிருந்து ஞாயிறு காலை தவறாமல் அவர் கார் ஷெட்டுக்குப் போய் அந்த மோட்டார் சைக்கிளை உறும விடுவார். ஓட்டமாட்டார். உறும விட்டு, துடைத்து, உறையைப் போட்டு மூடிவிட்டு வருவார்.

இந்த வருடம் சாரல் தொடங்கின சமயத்தில் மகன் போன் செய்தான். “அம்மா, கொஞ்ச நாளைக்கு போன் வராது, பயப்படாத” என்றான். பிறகு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். அவர் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, “பயிற்சிக்குப் போறானாம். அங்கன போன் கொண்டுபோக விடமாட்டாவளாம்” என்றார். நான் நம்பினேன். நம்பாமல் என்ன? முப்பது வருடமாக அடுத்தவன் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கின மனுசன், பொய் சொல்வார் என்று தோன்றுமா?

சீசன் வந்தால் இந்தப் பக்கம் யார் வீடும் அவரவர் வீடாக இருக்காது. இருபது வருடமாக எட்டிப் பார்க்காத சொந்தம்கூட ‘சும்மா ஒங்கள பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்’ என்று துண்டும் சீயக்காயுமாக வந்து நிற்கும். எங்கள் வீட்டுக்கு இவருடைய அக்கா, எனக்கு மதினி, மதுரையிலிருந்து வந்தாள். வெள்ளிக்கிழமை காலை நான் ஈரத்துண்டு காயப்போட ஷெட்டுக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். வண்டியின் முன்பக்கம், உறைக்குக் கீழே, ஒரு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கின.

ஓடுகிற வண்டிக்குக் கட்டுவார்கள், சரி. நின்ற இடத்திலேயே நிற்கிற வண்டிக்கு என்ன திருஷ்டி? மதினி வேலைதான் என்று முடிவு கட்டினேன். கோயில் கோயிலாகச் சுற்றுகிறவள் அவள்தான். புள்ள மேல பாசம், இருக்கட்டும் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவள் மதுரைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாடின பழத்தைக் காணோம். புதுப் பழம் தொங்கியது.

மதினி ஊரில் இல்லை, பிறகு இது யார் வேலை? எதிர்வீட்டுக்காரி ‘சும்மாதான நிக்கி, எங்களுக்குக் குடுத்துருங்களேன்’ என்று அந்த வண்டியை ஒருதடவை கேட்டிருந்தாள். கண் வைத்துவிட்டு அவளே கழிப்பும் கழிக்கிறாளா? எதற்கு? எங்கள் கேட் பூட்டியிருக்குமே! என் புத்தகத்தில் வருகிற அம்மாள்கள் இந்த மாதிரி நேரத்தில் பதறமாட்டார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள். எனக்குப் பின்னத் தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டே யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் எழுந்துபோய் அதைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தேன்.

அடக் கடவுளே! கட்டியிருந்தது பச்சை மிளகாய் இல்லை. மோர் மிளகாய்.

முகர்ந்து பார்த்தேன். உப்பும் புளித்த மோருமாக, நான் மொட்டை மாடியில் காயப்போட்டு எடுத்த மோர் மிளகாயேதான். பழத்தை மேலேயும் மிளகாயைக் கீழேயுமாகத் தலைகீழாகக் கட்டியிருந்தது. மதினி செத்தாலும் இப்படிக் கட்டமாட்டாள். எதிர்வீட்டுக்காரியும் மாட்டாள். ஜென்மத்தில் திருஷ்டி கழித்தே பழக்கமில்லாத ஒரு ஆள், என் அடுக்களை ஜாடிக்குள் கைவிட்டுக் கிடைத்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார். நூலைப் பார்த்தேன். சணல். இரண்டு சுற்றுச் சுற்றி, குறுக்கே ஒன்று போட்டு, நுனியை உள்ளே செருகிய முடிச்சு. கைப்பற்றின சாமான்களை கோர்ட்டுக்கு அனுப்ப ஸ்டேஷனில் அப்படித்தான் கட்டுவார்களாம். வீட்டில் இவர் கட்டுகிற பழைய பேப்பர்க் கட்டும் அந்த முடிச்சில்தான் இருக்கும்.

ஸ்டேஷன் ஜீப்பில் டிரைவர் கட்டின எலுமிச்சம்பழத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, ‘பிரேக்க ஒழுங்கா பாருலே, பழம் காப்பாத்தாது’ என்று சத்தம் போட்ட மனுசன் இவர்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம் உறையை இழுத்து மூடினேன். பயிற்சிக்குப் போன பிள்ளைக்கு எதற்குக் காப்பு? இந்த மனுசன் சாமி பக்கம் திரும்பியிருக்கிறார் என்றால் அவன் எங்கே நிற்கிறான்?

புத்தகத்தில் இந்த இடத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து உண்மையைச் சொல்வார்கள். என் கூடத்தில் அவர் ஒருத்தர் காப்பி குடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களைக்குத் திரும்பிவிட்டேன். கேட்டால் உண்மை தெரிந்துவிடும். கேட்காமல் இருந்தால் அவன் பயிற்சியில்தான் இருக்கிறான். எது வேண்டும் எனக்கு? ஒரு வாரம் முழுக்க இதே குழப்பம். சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். அவரும் வாயே திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார். உப்பு தெரியாமல் சாப்பிடுகிற ஆளா அவர்!

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவருக்கு முன்னால் எழுந்தேன். புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒன்று நல்லதாகப் பார்த்து எடுத்து, பச்சை மிளகாய் கோர்த்து, முறையாக நானே கட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். கை மடங்கியிருந்தது. ஷெட்டுக்குள் போனவர், வண்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

“மோர் மிளகாய யாராவது கட்டுவாவளா?” என்றேன்.

அவர் திரும்பவில்லை. “பச்ச மிளகா எங்கன வச்சிருக்கன்னு தெரியல” என்றார்.

“அவன் எங்க இருக்கான்?”

“மேல. எல்லையில, முன்வரிசையில நிக்கான்.”

“பயிற்சின்னு சொன்னிய.”

“நீயாவது தூங்கணும்லா.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்தாரா? திட்ட வேண்டும் என்றுதான் எழுந்தேன். மடங்கின கையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு மோர் மிளகாயும் வேர்த்துக் கிடந்தன. அவற்றை வாங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். சாரல் முகத்தில் விழுந்தது.

அவர் என் மடியில் கிடந்த புத்தகத்தைக் காட்டிக் கேட்டார். “எனக்கு ஒரு சந்தேகம். ஒன் கதையில சாவுதவனுக்கு எவனுக்குமே அம்ம கெடையாதா?”

நான் யோசிக்கவே இல்லை. “கெடையாது. இருந்தா அந்த ஊருக்காரவுக உக்காந்து டீ குடிக்க முடியுமா? அதுக்குத்தான இத படிக்கேன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அவர் எழுந்து போய், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் அன்றைக்கே வண்டியை ஸ்டார்ட் செய்தார். பேட்டரி சாகவில்லை.