பதுளை ஆபீஸில் நாங்கள் வாங்காமல் விட்ட மென்பொருள்

1. சம்பள நாள்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சம்பள நாளன்று கம்ப்யூட்டர் நின்றுபோனது. அந்த நேரத்தில் நானும் என்னோடு வேலை செய்த நிஹாலும் பண்டாரவளையில் ஒரே பிரின்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

யார் எங்கே போவது என்று எழுத எங்கள் ஆபீஸில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அன்று காலை ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிட்டுத் தன் வேலையை எழுதியிருந்தார். அதனால் சின்ன வேலைக்கு இரண்டு பேர், பெரிய வேலைக்கு ஆளே இல்லை. செய்தி கிடைத்து நான் பஸ் மாறி மாறி மடுல்சீமைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. மழையில் காத்திருந்த சனம் சம்பளம் இல்லாமல் லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தோட்டத்தை நடத்துகிற துரை எங்கள் முதலாளியைப் போனில் பிடித்து, வாய்க்கு வந்தபடி ஏசி முடித்திருந்தார்.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் நடந்தது. பதுளை டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. ஊவா மாகாணத் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கும், பறிக்கிற தேயிலைக் கொழுந்தின் கணக்கும் போடுகிற சிஸ்டம் செய்து கொடுப்போம். முதலாளி யோகநாதன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு கணிதம் படிப்பித்தவர். டெக்னீஷியன்கள் மூன்று பேர், அதில் நான் ஒருவன். சிஸ்டத்தின் திரைகள் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பவள் மேகலா. அவளும் என்னைப் போலத் தோட்டத்தில் பிறந்தவள்தான்.

2. இரண்டு டெமோ

அந்தச் சம்பள நாளுக்குப் பிறகு, கொழும்பு ஏஜென்ட் ஒருவர் இரண்டு சீடி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டையும் கொஞ்ச நாள் பாவித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றார்.

ஒன்று ஆட்களுக்கு வேலை பிரிக்கிற மென்பொருள். யார் எங்கே நிற்கிறார், யாருக்குக் கை ஓய்ந்திருக்கிறது, அடுத்த வேலைக்கு யாரை அனுப்பலாம் என்று அது காட்டிவிடும். மற்றது மேகலா கேட்டது. ப்ரோக்ராம் எழுதுவதற்கு முன்பே திரையின் மாதிரியைச் செய்து, பட்டன்களை அமுக்கிப் பார்க்க வைக்கிற மென்பொருள். உள்ளே கணக்கு எதுவும் நடக்காது. ஆனால் நாளைக்கு அதில் வேலை செய்யப்போகிறவர் இன்றைக்கே உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம்.

மேகலா ஆபீஸில் இருந்த ஒரே லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய், அங்கே கணக்கெழுதுகிற கிளாக்கரை அதன் முன்னால் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, அந்தக் கிளாக்கர் முதல் திரையிலேயே மாட்டிக்கிட்டாரு. சேவ் பட்டனத் தேடி எக்சிட்ட அமுக்கிட்டாரு.”

“அப்ப சரிவரலையா?”

“ஐயோ, அதுதாண்ணே நல்லது! இப்ப மாட்டிக்கிட்டா நான் உடனே மாத்திடுவேன். ப்ரோக்ராம் எழுதி முடிச்ச பின்னாடின்னா யாரு மாத்துவா?”

சேர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். “ரெண்டும் நல்லதுதான். ஆனா காசு ஒண்டுக்குத்தான் இருக்கு. சொல்லுங்கோ.”

என் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். நான் உள்ளதைச் சொன்னேன். “எந்த நாள் வீட்டுக்கு வருவேன்னு முன்கூட்டியே தெரிஞ்சாப் போதும் சேர்.”

மேகலா சொன்னாள்: “ஆளு நேரத்துக்குப் போறது முக்கியந்தான் சேர். ஆனா எதுக்குப் போறாங்கன்னும் பாருங்க. பாதிக் கம்ப்ளைன்ட் மிசின் ரிப்பேர் இல்ல. திரை விளங்காம வர்றது.”

“விளங்குது பிள்ளை. ஆனா துரைமார் போனில ஏசுறது ஆள் வரேல்லை எண்டுதான். திரை விளங்கேல்லை எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் ஏசேல்லை.”

“அவங்க ஏச மாட்டாங்க சேர். நமக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியலைன்னு நெனச்சுக்கிட்டு சும்மா இருந்துடுவாங்க.”

 சேர் வேலை பிரிக்கிற மென்பொருளின் சீடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “இதை வாங்குவம்” என்றார். மேகலா மற்றச் சீடியை உறையில் போட்டு வைத்தாள்.

3. நன்றாக ஓடிய காலம்

அது நன்றாகத்தான் வேலை செய்தது. அதையும் சொல்ல வேண்டும். வெலிமடைக்குப் போனவன் அப்படியே அடுத்த தோட்டத்தையும் பார்த்துவிட்டு வந்தான். ஒரு வேலைக்கு இருவர் போய் நிற்பது இல்லாமல் போனது. என் மகள் பிறந்தபோது நான் பதுளை ஆஸ்பத்திரி வாசலில் இருந்தேன். பழைய பலகையை நம்பியிருந்தால் எந்த மலையில் நின்றிருப்பேனோ தெரியாது.

மேகலா பழையபடி திரைகளைத் தாளில் வரைந்தாள். அந்தத் தாள்களை ஆபீஸில் துரைமார் புரட்டிப் பார்த்துக் கையெழுத்து வைத்தார்கள். அவர்கள் யாரும் அந்தத் திரைக்கு முன்னால் உட்காரப்போகிறவர்கள் இல்லை. “படத்தப் பாத்துச் சமையல் நல்லாயிருக்குன்னு சொல்ற மாதிரிண்ணே இது,” என்றாள் ஒருநாள். அடுத்த வருடம் கொழும்பில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஸ்டேஷனுக்கு நானும் சேரும் போயிருந்தோம். ரயில் போன பிறகு சேர் சொன்னார்: “போகவேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாயில்லை தம்பி.”

4. இரண்டு முத்துலெட்சுமி

மேகலா போன பிறகு புதிய கொழுந்துக் கணக்குச் சிஸ்டம் ஒன்றை எழுதிப் பல தோட்டங்களில் போட்டோம். பழையதில் தொழிலாளியின் நம்பரைத் தட்ட வேண்டும். புதியதில் பெயரின் முதல் எழுத்துக்களைத் தட்டினால் பெயர்கள் வரிசையாக வரும், ஒன்றை அமுக்கினால் போதும். சுலபமாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தோம்.

ஒரு தோட்டத்திலிருந்து, கணக்கில் ஏதோ கோளாறு என்று முறைப்பாடு வந்தது. வேலை பிரிக்கிற மென்பொருள் என்னை மறுநாள் காலையிலேயே அங்கே அனுப்பியது. அந்தத் தோட்டத்தில் முத்துலெட்சுமி என்று இரண்டு பேர் இருந்தார்கள். கிளாக்கர் வேலைக்குப் புதியவர், சின்னப் பொடியன்.

“ஒரே பேரு ரெண்டு தடவ வருதுன்னு நெனச்சேங்க. எதையாச்சும் ஒண்ண அமுக்கிடுவேன். பெரும்பாலும் மேல இருக்கறத,” என்றான். 

பட்டியலில் மேலே இருந்த முத்துலெட்சுமிக்குக் கணக்கில் கொழுந்து கூடியது. கூடப் பறித்ததற்கான காசு என்று அவள் நினைத்துக்கொண்டாள். கீழே இருந்தவளுக்குக் குறைந்தது. சொன்ன அளவுக்குக் கொழுந்து இல்லாவிட்டால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். தோட்டத்தில் அதை அரைப்பேர் என்பார்கள். நாள் முழுக்க மலையில் நின்று பறித்தவளுக்கு அரைப்பேருக்கு மேல் அரைப்பேராக விழுந்தது. கம்ப்யூட்டர் பிழை விடும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அப்படியானால் தராசில் நிறுக்கிற கணக்கப்பிள்ளை ஆறுமுகம்தான் களவெடுத்திருக்க வேண்டும். கீழே இருந்த முத்துலெட்சுமி அதை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வைத்து, எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டாள். சனம் வேலைக்கு இறங்கவில்லை. துரை கணக்கப்பிள்ளையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் எங்களுக்கு முறைப்பாடே வந்தது.

கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை: திரையில் பெயருக்குப் பக்கத்தில் நம்பர் இல்லை. அந்தப் பொடியனை ஒரு மாதிரித் திரைக்கு முன்னால் ஒருமுறை உட்கார வைத்திருந்தால் அவனே காட்டியிருப்பான்.

5. லயத்து வாசலில்

நான் போனில் சொன்னதும் சேர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தானே வந்தார். அரைப்பேர் விழுந்த முத்துலெட்சுமியின் வீட்டு வாசலில், சுற்றிச் சனம் நிற்க, அவர் சொன்னார்: “அம்மா, பிழை எங்கட சிஸ்டத்திலதான். கணக்கப்பிள்ளை ஒரு களவும் செய்யேல்லை. உங்கட சம்பளம் முழுக்க வந்துசேரும்.”

முத்துலெட்சுமி வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள்.

“சம்பளம் வரும்ங்க. அவரு பொண்டாட்டி புள்ளைங்களோட சாமான் ஏத்திக்கிட்டுப் போறப்ப, நான் இதே எடத்துல நின்னு மண்ண வாரித் தூத்துனேன். அந்தப் புள்ளைங்க பாத்துக்கிட்டே போச்சுங்க. அதுக்கு என்னங்க செய்யறது?”

 

அங்கிருந்து நேரே ஆறுமுகத்தை மாற்றிய தோட்டத்துக்குப் போனோம். அவர் அங்கே வேலைக்கு வந்து சேரவே இல்லை என்றார்கள். குடும்பத்தோடு எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு பல இடங்களில் விசாரித்தேன், கிடைக்கவில்லை.

அந்தத் தோட்டம் எங்களை விட்டுப் போனது. அதைக் கேள்விப்பட்டு மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் சேர் அந்த இன்னொரு மென்பொருளையும் வாங்கினார். அதில் திரை செய்துகாட்டத் தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எந்த மென்பொருளை வாங்குவது என்று பேச உட்காரும்போது, உங்கள் வேலையின் பலனை அனுபவிக்கப்போகிற ஒருவரையாவது கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வையுங்கள். நாங்கள் முடிவெடுத்த அன்று அந்த அறையில் கம்பெனி ஆட்கள் மட்டும்தான் இருந்தோம். எல்லோரும் நல்லவர்கள்தான், எல்லோரும் சொன்னது நியாயம்தான். ஆனால் நட்டப்பட்டவர் யாரும் அந்த அறையில் இருக்கவில்லை.